நெத்தலியின் கிழியாத செதில்

மீனும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நெத்தலியின் செதில் பாறையில் ஒட்டிய சிப்பி போல உடம்போடு இறுகியிருக்கும். சுறா உரசினாலும் உதிராது. அலை தூக்கிக் கல்லில் அடித்தாலும் உதிராது. நெத்தலியாகப் பார்த்து, மனம் வைத்து, உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பினால்தான் ஒரு செதில் கழன்று வரும்.

அந்தச் செதிலை நம்பித்தான் அன்று கடலில் ஒரு விதி இருந்தது.

தூண்டில்காரனுக்கு இரை வேண்டும். முள்ளில் சின்ன மீனைக் கோத்தால்தான் சீலா மாதிரிப் பெரிய மீன் வாயைத் திறக்கும். நெத்தலிக்கோ சீலா என்றாலே குலைநடுக்கம். ஒரு சீலா பாய்ந்தால் ஒரு குடும்பமே காணாமல் போய்விடும். ஆக, இருவருக்கும் எதிரி ஒன்றுதான். உட்கார்ந்து பேசினார்கள். சண்டை போட்டார்கள், எழுந்து போனார்கள், திரும்பி வந்து பேசினார்கள். கடைசியில் ஒப்புக்கொண்டது இதுதான்: இரையாகப் போகச் சம்மதிக்கிற நெத்தலி தானே மேலே வந்து, தூண்டில்காரன் நீட்டும் துடுப்பின்மேல் தன் செதில் ஒன்றை வைக்க வேண்டும். வைக்காதவளைத் தொடக் கூடாது. சினை சுமக்கிறவளிடம் கேட்கவே கூடாது. எடுத்த மீன் தூண்டில் முள்ளுக்கு மட்டும்தான், வேறு எதற்கும் இல்லை. பொழுது சாயும்போது பறியில், அதாவது கட்டுமரத்தோடு கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டிருக்கும் ஓலைக்கூடையில், யாராவது உயிரோடு மீந்திருந்தால் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

சாவதற்கு யார் தானாக வருவார்கள் என்று கேட்பீர்கள். வந்தார்கள். முட்டையிட்டு முடித்த கிழவிகள் வந்தார்கள். "எப்படியும் போற உயிருதானப்பா. போறப்ப ஒரு சீலாவையும் இழுத்துக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிச் செதிலை வைத்துவிட்டுத் துள்ளி ஏறினார்கள். தூண்டில்காரனும் அவர்களைக் கும்பிட்டுத்தான் எடுத்தான். பயத்தில் செத்தவள் என்று அவர்களில் ஒருத்தியையும் சொல்ல முடியாது.

விதியைக் காக்கும் வேலை நண்டிடம் இருந்தது. பாதி நாள் தண்ணீரிலும் பாதி நாள் மணலிலும் இருப்பவர், அதனால் இரண்டு தரப்புக்கும் பொதுவானவர் என்று யாரோ சொல்ல, எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். பக்கவாட்டில் மட்டுமே நடக்கத் தெரிந்தவரிடம் நேர்மையை ஒப்படைத்தார்கள்.

அந்தக் கரையில் செவத்தான் என்று ஒரு தூண்டில்காரன் இருந்தான். அவன் தங்கையைக் கட்டியவன் உடையப்பன். இரண்டு பேரும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போவார்கள். ஒருநாள் செவத்தானைத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். போய்விட்டு வந்தவன் மாப்பிள்ளையிடம் சொன்னான்:

"பத்துக் கூடை நெத்தலி வேணுமாம் மாப்ள. ஒரு வருஷத்து நெல்லு தர்றேங்கிறாரு."

"பத்துக் கூடையா? எந்தச் சீலாவுக்கு?"

"சீலாவுக்கு இல்ல. தென்னைக்கு."

"தென்னை எப்ப மச்சான் மீன் திங்கப் பழகுச்சு?"

"வேர்ல பொதைச்சா பாளை வெடிச்சுத் தள்ளுமாம்."

உடையப்பன் சிரித்தான். "பத்துக் கூடைக்குச் செதில் வைக்கக் கிழவிங்களுக்கு எங்க போறது? உன் மாமியாரைத்தான் கூட்டிக்கிட்டு வரணும்."

செவத்தான் சிரிக்கவில்லை. "துடுப்புல செதில் இருக்கணும். அவ்வளவுதான விதி?" என்றான்.

மறுநாள் துடுப்பை நீட்டவில்லை. வீச்சு வலையை எடுத்து நடுக்கூட்டத்தின் மேல் வீசினான். சிக்கியவர்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்து, உடைந்த சிப்பியின் கூர்முனையால் ஒரு செதிலைச் சுரண்டி எடுத்துத் துடுப்பில் வைத்துவிட்டு, அவளைப் பறியில் போட்டான். துடுப்பு நிறையச் செதில் இருந்தது. விதிப்படி எல்லாம் சரி.

அந்த வலையில் சிக்கியவர்களில் ஒருத்தி தாழை. இன்னும் நான்கு நாளில் முட்டையிட வேண்டியவள். அவளுடைய தங்கை மினுக்கி உடம்பு மெலிந்தவள் என்பதால் வலைக்கண்ணில் நழுவி வெளியே வந்துவிட்டாள். மினுக்கியைக் கடலில் எல்லோருக்கும் தெரியும். எதிலும் நியாயம் கேட்பவள். கரைக்கு வந்த அலை ஏன் திரும்பிப் போகிறது என்று அலையோடேயே வாதாடியவள்.

பறியின் ஓலைக்கு வெளியே மூக்கை வைத்துக்கொண்டு மினுக்கி கேட்டாள்:

"அக்கா, நீ செதில் குடுத்தியா?"

"பிடுங்குனாங்கடி. உயிரே போயிருச்சு. வயித்துல முட்டை கலங்கிருச்சோன்னு பயமா இருக்கு."

"இரு. நான் நண்டுகிட்டப் போறேன்."

"பேசப் போகாதடி. இந்த மூலையில ஓலை ஊறிப் போயிருக்கு. நீ வெளிய கடி, நான் உள்ள கடிக்கிறேன்."

"கடிச்சா நீ ஒருத்திதான் வெளிய வருவ. அதுக்குள்ள அவங்க பாத்துருவாங்க. நியாயம் கேட்டா பறியில இருக்கிற அத்தனை பேரும் வருவாங்க."

"எல்லாரையும் பாத்தா யாரும் வர மாட்டாங்கடி" என்றாள் தாழை. ஆனால் மினுக்கி அதற்குள், துடுப்பிலிருந்து தண்ணீரில் விழுந்த ஒரு கிழிந்த செதிலை வாயில் கவ்விக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நண்டு ஈரப்பாறைமேல் உட்கார்ந்து விசாரித்தார். செவத்தானும் உடையப்பனும் கரையில் நின்றார்கள். மினுக்கி பாறையடியில் தேங்கிய தண்ணீரில் நின்றாள். நண்டு செதிலை இடுக்கியில் தூக்கி, ஒரு கண்ணை அந்தப் பக்கமும் ஒரு கண்ணை இந்தப் பக்கமுமாக நீட்டிப் பார்த்தார்.

"ஓரத்தில் சிறு கிழிசல் காணப்படுகிறது. சம்மதம் சற்றுத் தயங்கியிருக்கலாம்."

"ஆமாங்கய்யா. பொம்பளைப் புள்ளைங்க. வெக்கம்" என்றான் செவத்தான்.

மினுக்கிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. வாதத்தில் குரலை உயர்த்தினால் தோற்றோம் என்பது அவள் கொள்கை.

"அய்யா, இத்தனை வருஷமா துடுப்புல கிழவிங்க வெச்ச செதிலை நீங்கதான் பாத்தீங்க. ஒண்ணாவது ஓரம் கிழிஞ்சிருந்துச்சா?"

"இல்லை."

"மனசு வெச்சுக் கழட்டுனா முழுசா வரும். பிடுங்குனா கிழியும். இதைவிட என்ன சாட்சி வேணும்? கிழிஞ்ச செதில் பலவந்தம். கிழியாத செதில் சம்மதம். இதை மட்டும் விதியில எழுதிக்குங்க, யாரும் யாரையும் ஏமாத்த முடியாது."

நண்டு இரண்டு கண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தார். "தெளிவான வாதம். அப்படியே சேர்த்துக்கொள்கிறோம். கிழிந்தது பலவந்தம், கிழியாதது சம்மதம்."

கூட வந்திருந்த நெத்தலிகள் தண்ணீரில் துள்ளின. மினுக்கி ஜெயித்துவிட்டாள்.

செவத்தான் தலையைச் சொறிந்தான். "அய்யா சொன்னா சரிதான். ஆனா துடுப்புல கெடந்த செதிலு வெயில்ல காஞ்சுகூடக் கிழிஞ்சிருக்கும். நாளைக்குக் காலையில தண்ணி வத்துறப்ப வாங்க. உங்க கையாலயே ஆளுக்கு ஒண்ணு புதுசா எடுத்துப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க."

"நியாயமான கோரிக்கை" என்றார் நண்டு. கூடை யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் கேட்கிற கோரிக்கை எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். நாளை என்பதும் அவர்கள் பக்கம்தான்.

பொழுது சாய்ந்தது. மீந்தவர்களை விட வேண்டிய நேரம் வந்தது. விசாரணை முடியவில்லை என்று சொல்லிப் பறியைத் திறக்காமல் விட்டார்கள்.

மினுக்கி அக்காவிடம் ஓடினாள். "ஜெயிச்சாச்சு. நாளைக்கு நண்டு எல்லாருக்கும் ஒரு செதில் எடுப்பாரு. கிழியும். அதோட நீங்க வெளிய."

தாழை சந்தோஷப்படவில்லை. "இன்னொண்ணு பிடுங்குவாங்களா?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

"என்னால முடியாதுடி. ஒண்ணுக்கே வயிறு இழுத்துப் பிடிச்சுக்கிச்சு. இன்னொரு தடவைன்னா இங்கயே கலைஞ்சிரும். நான் வெளிய வந்து என்ன, வராட்டி என்ன? ஓலையைக் கடிடி."

மினுக்கி ஒரு நிமிடம் அந்த ஊறிய ஓலையைப் பார்த்தாள். பறியில் நூறு பேர் இருந்தார்கள். தீர்ப்பு அவள் பக்கம் இருந்தது. ஜெயித்த வழக்கில் திருடியைப் போல ஓலையைக் கடிப்பானேன்? நாளை காலை வலி இல்லாமல் இருந்தால் போதும். நேராக ஆழத்துக்குப் போய்க் கடலிடம் கேட்டாள்.

"அம்மா, எங்க செதில் வலிக்காம கழலணும். தொட்டவுடனே வரணும். இந்தக் கரைக் கூட்டம் மொத்தத்துக்கும்."

கடல் கேட்டது: "இறுகின செதில் உனக்குக் கவசம் மகளே. ஒட்டாத செதில் எதைக் காக்கும்?"

"இறுகின செதில் மட்டும் எங்க அக்காவைக் காப்பாத்துச்சா?"

அன்று இரண்டாவது முறையாக மினுக்கி வாதத்தில் ஜெயித்தாள். கடல் அவள் கேட்டதைக் கொடுத்தது.

காலையில் தண்ணீர் வற்றியது. நண்டு வந்தார். உடையப்பன் பறியைத் திறந்து பிடித்தான். முதலில் தாழையைத்தான் தூக்கினார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொள்ளப் பார்த்தாள். மீனுக்கு இமை ஏது? நண்டின் இடுக்கி அவள் விலாவைத் தொட்டதோ இல்லையோ, ஒரு செதில் தானாக நழுவிப் பாறைமேல் விழுந்தது. வட்டமாக, ஓரம் முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"வலிக்கலடி" என்றாள் தாழை, ஆச்சரியமாக.

மினுக்கிக்கு அப்போதுதான் உறைத்தது.

நண்டு அடுத்தவளைத் தொட்டார். அடுத்தவளை. எல்லாம் முழுச் செதில்.

"கிழிசல் இல்லை" என்றார் நண்டு. "சம்மதம்."

"அய்யா, அது நான் கடல்கிட்டக் கேட்டு வாங்குனது. வலி தெரியக் கூடாதுன்னு கேட்டேன். நேத்து இருந்த செதில் வேற, இது வேற."

"விதி செதிலைப் பற்றித்தான் பேசுகிறது. எந்த நாள் செதில் என்று பேசவில்லை. வாசகம் உன்னுடையதுதான்."

"நான் குடுக்கல" என்றாள் தாழை. "அய்யா, நான் உயிரோட இருக்கேன். என்கிட்டக் கேளுங்க. நான் குடுக்கல."

"உன் செதில் வேறு சொல்கிறதே."

"செதிலுக்கு வாய் இருக்காய்யா?"

"இல்லை. அதனால்தான் அது பொய் சொல்லாது."

மினுக்கி விடவில்லை. "சரி, அவ வயித்தைப் பாருங்க. சினை. சினைக்காரிகிட்டக் கேக்கவே கூடாதுன்னு விதி இருக்கா இல்லையா?"

"இருக்கிறது. கேட்கக் கூடாது." நண்டு பாறையிலிருந்து பக்கவாட்டில் இறங்கத் தொடங்கினார். "இவளிடம் யாரும் கேட்கவில்லையே. தானாகத் தந்திருக்கிறாள்."

உடையப்பன் பறியைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். "அந்த ஒண்ணை மட்டுமாவது விட்டுருவோம் மச்சான். வயித்துப் புள்ளைக்காரி."

"ஒண்ணை விட்டா மிச்சத்தை ஏன் விடலன்னு இவ கேப்பா. இவ பேசுற பேச்சுக்கு நம்மால ஆகாது" என்று சொல்லிச் செவத்தான் பறியைத் தூக்கினான்.

அப்போதுதான் மினுக்கி ஓலையைக் கடித்தாள். முந்தின நாள் ஊறிக் கிடந்த மூலை, தண்ணீர் வற்றியதில் வெளியே தெரிந்து காலை வெயிலில் காய்ந்து விறைத்திருந்தது. விடாமல் கவ்விக்கொண்டாள். பறி மேலே போனது, அவளும் கூடவே மேலே போனாள். உள்ளே இருந்து தாழை, "விடுடி, நீயாவது போ" என்றாள். மினுக்கி விடவில்லை. செவத்தான் பறியை ஒரு உதறு உதறினான். வாய் கண்ணைத் தாண்டிக் கிழிந்து, மினுக்கி தண்ணீரில் விழுந்தாள். ஓலையில் ஒரு பல் தடம்கூட விழவில்லை.

தாழையைத் தென்னையின் வேரில் புதைத்தார்கள், முட்டையோடு. அந்த வருஷம் பாளை வெடித்துத் தள்ளியது. அடுத்த வருஷம் தோப்புக்காரர் இருபது கூடை கேட்டார்.

பிறகு துடுப்பை நீட்டுவார் யாரும் இல்லை. எதற்கு நீட்ட வேண்டும்? வலையில் வந்த எல்லோரிடமும் செதில் தயாராக இருந்தது. கிழவிகள் மேலே வருவதை நிறுத்தினார்கள். குட்டி, கிழவி, சினைக்காரி என்று பார்க்காமல் அள்ளினார்கள்; முள்ளுக்கு, உரத்துக்கு, வாத்துக்கு, கருவாட்டுக்கு. முள்ளுக்கு மட்டும்தானே என்று நெத்தலிகள் சில காலம் கத்திப் பார்த்தன. ஒவ்வொரு முறையும் நண்டு வந்து செதிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கிழிசல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் மினுக்கியே பேசுவதை விட்டாள். அவள் விட்டதும் மற்ற நெத்தலிகளும் விட்டுவிட்டன. விதி மட்டும் அப்படியே இருக்கிறது. அதை யாரும் மீறியதாக ஒரு புகாரும் இல்லை.

நெத்தலிக்கு வாய் கண்ணைத் தாண்டிப் பிளந்திருப்பதும், அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வராததும் அன்றைக்குப் பிறகுதான். அள்ளுகிறவர் கையெல்லாம் அதன் செதில் அப்பி மினுங்குவதும் அன்றைக்குப் பிறகுதான். எடுத்துப் பாருங்கள், ஒன்றின் ஓரம்கூடக் கிழிந்திருக்காது.