மடிப்புக் கலையாத துணி

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று எங்கும் சட்டமில்லை. பூங்கோதைக்கு முப்பத்தாறு வயது. பொள்ளாச்சியில், கோயமுத்தூர் போகும் சாலையில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை வைத்திருந்தாள். கார்களின் தோல் சீட்டுகளுக்கு நிறம் மாற்றுவது தொழில். ஊரே அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது.

சீடருக்கு அறுபத்தொன்று. பெயர் சென்னியப்பன். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து, "எனக்கு இந்த வேலையக் கத்துக்குடுங்க மாஸ்டர்" என்று கேட்டபோது பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்கில் அவள் ஒருமுறைகூடத் தேறியதில்லை.

"வண்டியக் கொண்டாந்து உடுங்க சார். நாலு நாள்ல நானே மாத்தித் தர்றேன்."

"இல்லீங்க. என் கையாலதான் மாத்தோணும்."

"ஏனுங்க?"

"அன்னிக்கு வேண்டாம்னு சொன்னது நான்தானுங்க."

அவர் அந்தக் காரை வாங்கிய வருடம் ஒரே மகள் வினோதினி கல்லூரியில் சேர்ந்தாள். சீட்டை மாதுளை நிறத்தில் மாற்றிக்கொடுங்கப்பா என்று கெஞ்சினாள். சந்தன நிறம்தான் வெயிலுக்குச் சூடேறாது என்று இவர் மறுத்துவிட்டார். நாலு வருடம் அவளைத் தன் பக்கத்து முன்சீட்டில் உட்கார வைத்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் விட்டார். அப்புறம் அவள் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். அதற்கும் மறுத்தார். சீட்டு விஷயத்தில் பணிந்த பெண், இதில் பணியவில்லை. கிளம்பிப் போய்விட்டாள்.

ஒன்பது வருடம். சென்னியப்பனுக்கு மகளைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. காலையில் எழுந்தால் அது, சாப்பிட உட்கார்ந்தால் அது. யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் அவளே ஃபோனில் கூப்பிட்டாள். ஹைதராபாத்திலிருந்து ரயிலில் வருகிறாளாம், தன் மூன்று வயது மகனோடு. ஞாயிற்றுக்கிழமை காலை கோயமுத்தூரில் இறங்குவாளாம். தேதியையும் சொன்னாள்.

அவள் காரில் ஏறும்போது சீட்டு மாதுளை நிறத்தில் இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மாஸ்டரிடமும் அதைச் சொல்லியிருந்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத அப்பாக்கள் இப்படி ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

முதல் இரண்டு வாரம் பூங்கோதை அவரை நிற டப்பா பக்கமே விடவில்லை. பட்டறைக்கு வரும் கார்களில் சீட்டைத் துடைக்க மட்டும் விட்டாள்.

"இன்னும் எத்தன நாளைக்குங்க மாஸ்டர் துடைக்கிறது?"

"துணி வெள்ளையாத் திரும்பி வர்ற வரைக்கும் சார்."

பட்டறையின் முறை அது. வேர்வை, எண்ணெய், பழைய மெழுகு எல்லாம் தோலை விட்டுப் போக வேண்டும். தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசித் துணியில் அழுக்கே ஒட்டாது. ஒவ்வொரு பாகத்தின் கடைசித் துணியையும் சுவரோரக் கம்பியில் தொங்கவிட வேண்டும். மாஸ்டர் வரிசையாகப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் நிறம்.

மூன்றாவது வாரம் சென்னியப்பன் தன் காரைக் கொண்டுவந்தார். தனியாகவே துடைத்தார், துணிகளைத் தொங்கவிட்டார். பூங்கோதை கம்பியைப் பார்த்தாள். ஒரு துணியருகே கொஞ்சம் நின்றாள். பிறகு தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிசாக ஆறு பூச்சு. ஒவ்வொன்றும் காய வேண்டும். கணக்கு வாத்தியாரின் கை, கோடு மீறாமல் பூசியது. மாதுளை நிறம் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது, ஓர் இடத்தைத் தவிர. இடதுபக்க முன்சீட்டில், தலை சாய்க்கிற ஹெட்ரெஸ்டில், இரண்டாம் நாளே விரல் பட்டதும் பூச்சு உரிந்து வந்தது. மறுபடி பூசினார். மறுபடி உரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் மாஸ்டர் முன்னால் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒரே டப்பாங்க மாஸ்டர். ஒரே கை. மத்த எடமெல்லாம் புடிச்சிருக்குது. அங்க மட்டும் ஏனுங்க புடிக்க மாட்டேங்குது?"

பூங்கோதை கம்பியிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். சுத்தமான வெள்ளை. கடையில் மடித்துக் கொடுத்த மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

"இது எதைத் துடைச்ச துணிங்க சார்?"

பரீட்சையில் காப்பியடித்த பையன்களை முப்பத்திரண்டு வருடம் பிடித்தவர் தலை குனிந்துகொண்டார்.

"அன்னிக்கே பாத்துட்டீங்களா?"

"பாத்தேனுங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

"வேற வண்டியா இருந்தாச் சொல்லியிருப்பேன். இது உங்க வண்டிங்க."

சென்னியப்பன் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அது எம்புள்ள தலையெண்ணெய்ங்க மாஸ்டர். வண்டியில ஏறுனாத் தூங்கிருவா. கிணத்துக்கடவு தாண்டறதுக்குள்ள தலை சாஞ்சிரும். நாலு வருசம் அதே எடத்துல சாஞ்சு சாஞ்சு எண்ணெய் எறங்கிப்போச்சு. மழை பேஞ்சு கண்ணாடிய ஏத்துனா இப்பவும் அந்த வாசம் வருதுங்க. அவ பக்கத்துல இருக்கற மாதிரியே இருக்கும். பேசக்கூட வாயெடுப்பேன்."

பூங்கோதை காரின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"துணியக் கையில எடுத்தேனுங்க. கை போகல. நெறத்துக்கு அடியிலயாவது அது இருந்துட்டுப் போகட்டும்னு பூசிட்டேன்."

"எண்ணெய் இருந்தா நெறம் நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களே சார்."

"தெரியுமுங்க." அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒம்பது வருசத்துல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் துடைச்சிட்டா எங்கிட்ட என்னங்க மிச்சம் இருக்கும்?"

பூங்கோதை நேராகக் காரிடம் போனாள். இடதுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். மெதுவாகத் தலையைப் பின்னால் சாய்க்கப் போனாள்.

"சாயாதீங்க!"

பக்கத்து டயர் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். அவ்வளவு சத்தம். தன் குரலைக் கேட்டு சென்னியப்பனே திடுக்கிட்டுப் போனார். எப்போது ஸ்டூலை விட்டு எழுந்தார் என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

பூங்கோதை பாதிச் சாய்வில் தலையை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"இத்தன வருசத்துல இங்க யாருமே சாஞ்சதில்லீங்களா?"

"உட்டதில்லீங்க. எங்கூட்டுக்காரிகூடப் பின்சீட்டுலதான் உக்காருவா."

அவள் இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"நாளன்னிக்கு உங்க புள்ள வருவாங்க. சின்னப் பையனோட ரயில்ல வந்த அசதி வேற. ஏறி உக்காந்ததும் தலையச் சாய்ப்பாங்க. அப்பவும் இப்படித்தான் கத்துவீங்களா சார்?"

சென்னியப்பன் தின்னர் டப்பாவை எடுத்துக்கொண்டு காரருகே போனார். பிறகு கையிலிருந்த துணியை உதறி, மடிப்பைப் பிரித்தார்.