ஜமீன் ரோஜாவும் கரும்புள்ளி நோயும்

மேலக்கோட்டை ஜமீன்தார் கப்பலில் வரவழைத்த ரோஜாச் செடிகளோடு கரும்புள்ளி நோயும் வந்து இறங்கியது. காற்றிலும் மழையிலும் அது ஊருக்குள் பரவியது. வீட்டுக்கு வீடு ரோஜா வளர்த்து, பூ விற்றுப் பிழைக்கும் ஊர் அது. இலையெல்லாம் புள்ளி விழுந்து உதிர்ந்தது.

ஜமீன்தாரோ தோட்டக்காரி சொர்ணக்கிளியைக் கூப்பிட்டார். "ஊர்ச் செடிகளாலதான் என் தோட்டம் கெட்டுப்போச்சு. புள்ளி விழுந்த செடி ஒண்ணு விடாம நாளைக்கே வேரோட பிடுங்கணும்."

"உத்தரவு எஜமான்," என்று அவள் நேரே ஊருக்குள் போனாள்.

மறுநாள் காலை மேளதாளத்தோடு ஊரே அரண்மனைத் தோட்டத்தில் மண்வெட்டியும் கையுமாக நின்றது.

"இங்க என்ன கூத்து?" என்றார் ஜமீன்தார்.

"எதுலயும் முதல் மரியாதை அரண்மனைக்குத்தானே எஜமான்," என்றாள் சொர்ணக்கிளி. "புள்ளி விழுந்த செடி இங்கதான் அதிகம். இங்க பிடுங்கிட்டுத்தான் மத்த வீட்டுக்குப் போகணும்னு ஊரே ஒத்தக் கால்ல நிக்குது."

மேளம் முழங்கியது. முதல் மண்வெட்டி உயர்ந்தது.

"நிறுத்துங்கப்பா," என்றார் ஜமீன்தார். "பிடுங்காம வேற வழியே இல்லையா?"

"இருக்கு எஜமான். புள்ளி இலையைக் கிள்ளி, உதிர்ந்ததையும் பொறுக்கி எரிச்சாப் போதும். ஆனா எல்லா வீட்லயும் ஒரே நாள்ல செய்யணும். ஒரு வீடு விட்டாலும் நோய் திரும்பிரும். நீங்க தொடங்கிவைங்க."

ஜமீன்தார் மண்வெட்டிகளைப் பார்த்தார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, குனிந்து ஓர் இலையைக் கிள்ளினார். ஊர் சிரித்துக்கொண்டே வீடுகளுக்கு ஓடியது. சாயங்காலம் தெருவெங்கும் இலை புகைந்தது.

சில வாரங்களில் புது இலைகள் பளபளவென்று துளிர்த்தன. வாழ்நாளில் முதல்முறை குனிந்த ஜமீன்தாரின் இடுப்புப் பிடிப்புக்குத்தான் ஊரில் மருந்து கிடைக்கவில்லை.