கைக்காவலுக்கு ஒரு நகல்

ஊரோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கணினிப் பிரிவுக்குத் தலைவி பெனிட்டா. வயது முப்பது. அவளிடம் தொழில் கற்கும் இசக்கியப்பனுக்கு ஐம்பது. பாதி வாழ்க்கையை ஜெனரேட்டரோடு கழித்துவிட்டு சர்வர் பக்கம் வந்தவர். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. இருவருக்கும் அதில் கவலையில்லை.

அன்று காலை டயாலிசிஸ் பிரிவின் சர்வர் எழுந்திருக்கவில்லை. யார் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், எந்த மருந்து என்ற குறிப்பெல்லாம் அதற்குள்தான். அது தெரியாமல் ஊசி குத்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வராந்தா பெஞ்சில் கால் வீங்கியவர்கள் காத்திருந்தார்கள். முதல் பஸ்ஸில் வந்த சண்முகவடிவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

பெனிட்டா உள்ளே வந்தபோது இசக்கியப்பனின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"என்ன சொல்லுது அண்ணாச்சி?"

"டேட்டாபேஸ் கிடைக்கலைன்னு சொல்லுது மேடம். நேத்து அதைப் புது மெஷினுக்கு மாத்தினோம்லா. சர்வர் இன்னும் பழைய விலாசத்துக்கே போய்க் கதவைத் தட்டுது."

"விலாசம் இருக்கிற ஃபைல்ல புதுசை எழுதினீங்களா?"

"எழுதிட்டேன். அழிச்சும் எழுதிட்டேன். என் மகன் கணக்காத்தான் இருக்கு. எதைச் சொன்னாலும் ஒரே பதில்."

பெனிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த ஃபைல் நடுவுல வாய்க்கு வந்ததை எழுதுங்க."

"எதை?"

"கத்திரிக்கா, முருங்கைக்கா. எதையாவது."

இசக்கியப்பனுக்குக் கோபம் வந்தது. வெளியே உயிர் போகிறது, இங்கே காய்கறிக் கடை.

"ஏற்கெனவே எழும்பாம கிடக்கு. நாமளே கெடுக்கவா?"

"கெடுங்க."

கெடுத்தார். சர்வரைத் தொடங்கினார். திரையில் அதே வரிதான் வந்தது. பழைய விலாசத்தில் டேட்டாபேஸ் இல்லையாம்.

"கத்திரிக்காயைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே" என்றாள் பெனிட்டா.

அவர் திரையையே பார்த்தார். பிறகு அந்த ஃபைல் இருந்த ஃபோல்டரின் பெயரை மெதுவாகப் படித்தார். 'கைக்காவல்'. காலையில் அவரே வைத்த பெயர். எதையும் தொடுமுன் கைக்காவலுக்கு ஒரு நகல் எடுங்க என்பது அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மனிதர் சொல் தட்டாமல் நகல் எடுத்திருக்கிறார். எடுத்த நகலைத்தான் இவ்வளவு நேரமும் திருத்தியிருக்கிறார்.

"சர்வர் படிக்குத அசல் அங்கன சும்மாவே கிடந்திருக்கு" என்றார்.

அசலைத் திறந்து விலாசத்தை மாற்றினார். சர்வர் எழுந்தது. சற்று நேரத்தில் வராந்தாவில் நர்ஸ் சண்முகவடிவின் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. இசக்கியப்பன் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

டீ வந்தது. பாதி குடித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"சர்வருக்கு வழி சொல்லிட்டீங்க. என் மகனுக்கும் ஒரு வழி சொல்லுங்க மேடம். பள்ளிக்கூடத்துல படிக்கும்போது சொன்ன புத்திமதியத்தான் இன்னைக்கும் சொல்லுதேன். 'சரிப்பா'ங்கான். அதோட சரி."

"தம்பிக்கு இப்ப என்ன வயசு?"

"இருபத்தாறு. அடுத்த மாசம் அவனுக்கே பிள்ளை பிறக்கப் போகுது."

பெனிட்டா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க பேசுறது தம்பிகிட்டயா அண்ணாச்சி, நீங்க எடுத்து வச்ச நகல்கிட்டயா?"