கண்ணாடியைச் சுற்றிய தார்

“எந்தக் கழுதை இந்தத் தாரைக் கொண்டுவந்து இங்க அப்புச்சு?” என்று தன் காரின் முன்கண்ணாடி ஓரத்தைக் காட்டிக் கேட்டார் இஞ்ஞாசி.

ரெஜினா பக்கத்து வண்டியின் கதவில் ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடியில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை அவளுடையது. இஞ்ஞாசி அவளைவிட இருபது வயது மூத்தவர். டாக்சி ஓட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். மனைவி இறந்த பிறகு, தன் காரை வாங்கிய நாளில் இருந்தபடி ஆக்க வேண்டும், அதையும் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று வந்து நின்றார்.

“சேத்துக்கிடுதேன் அண்ணாச்சி. ஆனா இங்க நான்தான் மேஸ்திரி.”

“சரி மேஸ்திரி.”

அப்படித்தான் அவர் சிஷ்யரானார்.

மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது. நிறம் மட்டும் தெரியவில்லை.

டாக்சியாக்கியபோது ஒரு தரம், பிறகு இரண்டு தரம் பெயின்ட் மாறியிருந்தது. அடித்தவர்கள் ஒவ்வொரு முறையும் தகரம் தெரியத் தேய்த்துவிட்டார்கள். முதல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவர் மனைவி அமலோற்பவம். நீலம் என்றார் இஞ்ஞாசி. பச்சை என்றான் மகன். புறா நிறம் என்று மாதா மேல் சத்தியம் செய்தார் மச்சினர். வீட்டிலிருந்த போட்டோ கறுப்பு வெள்ளை.

“நாளைக்கு பெயின்டர் வாரான். என்னத்தை அடிக்கச் சொல்ல?” என்றார் இஞ்ஞாசி. “தப்பான நிறத்தை அடிச்சா அது அவ பாத்து வாங்கின கார் இல்ல மேஸ்திரி. ஏதோ ஒரு கார்.”

“மொதல்ல கண்ணாடியக் கழத்துங்க.”

முன்கண்ணாடியைச் சுற்றிலும் தார் கல்லாகியிருந்தது. அவர் பிளேடால் குத்தினார். நெம்பினார். விரல்தான் கிழிந்தது.

“பிளேடைத் தாங்க” என்றாள் ரெஜினா.

தீட்டித் தருவாள் என்று நீட்டினார். அவள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“அப்ப தின்னர் ஊத்திக் கரைச்சிருதேன்.”

தின்னர் புட்டியையும் எடுத்துக்கொண்டாள்.

“வேற எதை வச்சு எடுக்க?”

அவள் கியரை விடுவித்தாள். காரை நிழலிலிருந்து வெயிலுக்குத் தள்ளினாள்.

“இந்த வெயில்ல என்னால நிக்க முடியாது மேஸ்திரி.”

“உங்கள யாரு நிக்கச் சொன்னா? தாரு நிக்கட்டும். நீங்க வந்து சாப்பிடுங்க.”

சாப்பிட்டார்கள். அவர் அடிக்கடி எழுந்து போய்த் தாரைத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னும் இளகலையே.”

“இட்லி வெந்துச்சான்னு மூடியத் தொறந்து தொறந்து பாத்தா வேகுமா? உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“வண்டி மொதல்ல இருந்தே உங்க வண்டிதான?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“அப்ப அந்தக் கழுதை யாரு?”

இஞ்ஞாசி கையிலிருந்த சோற்றைப் பார்த்தார்.

“வாங்கின வருசம் மழையில கண்ணாடியோரம் ஒழுகுச்சு. மகன் அப்பக் கைப்பிள்ளை. அவ மடியில இருந்தான். பிள்ளை தலையில சொட்டுது, பாருங்கன்னா. புது வண்டியில எவனையும் கை வைக்க விட மாட்டேன்னுட்டேன். நான் மத்தியானம் தூங்கும்போது, வீட்டுக் கூரைக்குப் பூச வச்சிருந்த தாரைக் காய்ச்சி, சிரட்டையில எடுத்து, கரண்டிக் காம்பால...”

“அமலோற்பவம் அக்காவா?”

“அவதான். எனக்குக் கோவம்னா கோவம். ரெண்டு நாளு சாப்பிடலை.”

“ரெண்டு நாளுமா?”

“வீட்டுலதான் சாப்பிடலை.”

ரெஜினா சிரித்தாள். அவரும் சிரித்தார்.

“அதுக்கப்புறம் ஒழுகுச்சா?”

“ஒரு சொட்டு இல்ல. எத்தனை புயலு வந்துச்சு! ராத்திரி சவாரியில நான் நனையாம வந்திருக்கேன்.”

“அக்காகிட்டச் சொன்னீங்களா?”

“என்னத்தை?”

அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

இஞ்ஞாசி கை காய்ந்த பிறகும் அங்கேயே இருந்தார்.

“இப்ப வாங்க” என்று கூப்பிட்டாள். “விரலால மட்டும். நகம் படக்கூடாது.”

கண்ணாடி மூலையில் பெருவிரலை வைத்தார். தார் நெகிழ்ந்து கொடுத்தது. இழுத்தார். நின்றது, பொறுத்தார், மறுபடி வந்தது. ஓரம் முழுக்க ஒரே கயிறாகக் கையில் வந்து சேர்ந்தது.

அது இருந்த இடத்தில் கறுப்பாய் ஒரு மெழுக்கு. ரெஜினா தேங்காயெண்ணெய் தொட்ட பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தாள்.

கீழே பெயின்ட்.

விரல் அகலம்தான். யாரும் தேய்க்காதது. வெயிலோ மழையோ படாதது. கடையிலிருந்து வந்த நாளின் மினுமினுப்போடு கண்ணாடியின் நான்கு பக்கமும் ஓடியது.

புறா நிறம்.

“போச்சு” என்றார் இஞ்ஞாசி. “மச்சினன் வாயை இனி மூட முடியாது.”

சொல்லிவிட்டு அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை. தகரம் சுட்டது. அப்போதும் எடுக்கவில்லை.

பிறகு அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“இது இங்க இருக்கும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா மேஸ்திரி?”

“தெரியாது.”

“பெறகு எதுக்குப் பிளேடைப் புடுங்குனீங்க?”

ரெஜினா அவர் கையிலிருந்த தார்க் கயிற்றை வாங்கி, வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

“ஒருத்தர் இம்புட்டு அழுத்திப் பூசியிருக்காவ. அடியில ஒண்ணும் இல்லாமலா பூசுவாவ அண்ணாச்சி?”