உடைத்த பானையில் ஒரு பெயர்

“தாயே, ஒரு பெயரை மனசிலேருந்து அழிக்கணும். மந்திரம் கொடுங்க.”

வந்ததும் வராததுமாக வேலப்பன் கேட்டது இதுதான். ஒரு கும்பிடுகூடப் போடவில்லை மனுஷன்.

தவமணி அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் அம்மைதான் குரு, இவர் சீடர். ஞானத்திடம் போய் நரைமுடி எங்கே என்று கேட்க முடியுமா என்ன?

“யார் பெயர்?”

“என் அண்ணன் பெயர்தான். அம்மா செத்தப்போ பாடைக்குத் தோள் கொடுக்கப் போனேன். ஊர் முன்னால பிடிச்சுத் தள்ளினான், பாவி. இப்ப ஆஸ்பத்திரியில இழுத்துக்கிட்டுக் கிடக்கான். என்னைப் பார்க்கணுமாம். போவேனா? ஆனா தியானத்துல கண்ணை மூடினா, அவன் பெயர்தான் வந்து நிக்குது.”

அம்மை செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்க, பஸ்ஸைப் பிடிப்போம்.”

போய் இறங்கிய இடம் அருங்காட்சியகம். வேலப்பனுக்கு எரிச்சலான எரிச்சல்.

“மந்திரம் கேட்டா சட்டிபானையைக் காட்டுறீங்களே, தாயே!”

கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் பானை இருந்தது. உடைந்த சில்லுகளை ஒட்டவைத்திருந்தார்கள். மேலே கறுப்பு மையில் ஏதோ எழுத்து.

“எகிப்துப் பானைங்க. நாலாயிரம் வருஷம் இருக்கும்” என்றார் அங்கே பொறுப்பிலிருந்த பெண். “பகையாளி பெயரை எழுதி, பானையைப் போட்டு உடைப்பாங்க. அதோட அவன் பூண்டோட அழிஞ்சான்னு நம்பிக்கை.”

வேலப்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“அட, இதைத்தானே நான் கேட்டேன்! போற வழியில ஒரு பானை வாங்கிடுவோம், தாயே.”

அம்மை அந்தப் பெண்ணிடம் திரும்பினார். “இதில யார் பெயரும்மா இருக்கு?”

“இன்தெஃப். எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. துண்டு துண்டாப் பொறுக்கி நாங்கதான் ஒட்டினோம். கீழே அட்டையில தமிழ்லயும் எழுதி வச்சிருக்கோம். வர்றவங்க எல்லாரும் இந்தப் பெயரை வாய்விட்டு வாசிச்சிட்டுத்தான் போவாங்க.”

“எழுதி உடைச்சவர் பெயர்?”

“அது எங்கேயும் இல்லைங்க. யாரோ ஒருத்தர்.”

அம்மை ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

வேலப்பன் கண்ணாடியருகே போய் நின்றார். நின்றவர் நின்றவர்தான். அடுத்து வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“ஐயோ பாவம்” என்றார் கடைசியில்.

“யாரு? இன்தெஃபா?”

“இல்லை தாயே. உடைச்சவன்.”

துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது.

“ஆஸ்பத்திரிக்கு இங்கேருந்து எந்தப் பஸ்ஸு, தாயே?”