தண்ணீர் மூச்சு விட ஓர் ஓட்டை

ஆறு எட்டாத ஊருக்கெல்லாம் ஏரியே கதியென்று கிடந்த காலத்திலே, கொன்றைநாடு என்றொரு சீமையை விசயகண்டன் என்ற ராசா ஆண்டுவந்தான். சிரிப்பு வந்தால் ஊரையே எழுதிக் கொடுப்பான், கோபம் வந்தால் ஊரைவிட்டே விரட்டுவான். இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு வேறு குணமே கிடையாது.

அவனுடைய கட்டடப் பள்ளிக்குத் தலைமை ஆசான் அட்சயலிங்கம். கரை எழுப்பவும் மதகு கட்டவும் நாற்பது வாலிபர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர். வாயில் எந்நேரமும் வெற்றிலை. எதற்கெடுத்தாலும் ராசா மந்திரி தாண்டவமூர்த்தியையே கூப்பிடுவதில் அவருக்கு வயிற்றெரிச்சல்.

ஐப்பசி மழைக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரிய ஏரிக்கரை ஒழுகியது. மதகுக்குப் பக்கத்திலே கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அது வழியாகத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டிருந்தது. எவன் போட்ட ஓட்டை என்று ராசா சபையில் குதிகுதியென்று குதித்தான்.

ஆசானுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து மதகுப் படத்திலேயே அந்த ஓட்டை இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் இருளப்பன் என்ற மாணவன், அது எதற்கு என்று கேட்டான். ஆசானுக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. தண்ணீர் மூச்சு விட என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார். எல்லோரும் 'மூச்சுக்கண்' என்று ஓலையில் எழுதிக்கொண்டார்கள். இருளப்பன் மட்டும், தண்ணீருக்கு மூக்கு எங்கே ஐயா என்றான். வகுப்பே சிரித்தது. அன்றைக்கே அவனை வெளியே தள்ளினார். அதற்குப் பிறகு கட்டிய ஏரி பதினொன்று. அத்தனையிலும் மூச்சுக்கண்.

இதையெல்லாம் சொன்னால் மானம் கப்பலேறிவிடுமே. அதனால் ஆசான் ராசாவிடம், "அங்கே கொத்தனாக இருந்தவன் இருளப்பன். நான் விரட்டிய கோபத்தில் செய்திருப்பான்" என்றார். பின்னால் நின்ற நாற்பது மாணவர்களுக்கும் மூச்சுக்கண் தெரியும். ஆசான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பேசாமல் நின்றார்கள்.

நாளைப் பொழுது சாய்வதற்குள் அவன் எல்லையைத் தாண்ட வேண்டும் என்றான் ராசா. அவன் பெண்டாட்டி நிறைமாதக்காரி என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆசான் காதில் விழாத மாதிரி நின்றார்.

மந்திரி எழுந்து, நாளை மத்தியானம் வரை பொறுக்கச் சொன்னார். கொஞ்சம் சிரிப்புக் காட்டுவதாகவும் சொன்னார். அந்தச் சொல்லுக்குத்தான் ராசா மயங்கினான்.

அன்றிரவே இருளப்பனைக் கூப்பிட்டு மூச்சுக்கண் கதையைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் மந்திரி ஒரு துணிப்படத்தைக் கொண்டுவந்து விரித்தார். நாலு கால் மண்டபம், அவ்வளவுதான். அதைக் களிமண்ணில் செய்து காட்ட வேண்டும். நாற்பது மாணவர்களோடு இருளப்பனையும் உட்கார வைத்தார்.

மத்தியானம் ராசா வந்து பார்த்தான். நாற்பது மண்டபத்து உச்சியிலும் ஓரமாக ஓர் உருண்டை உட்கார்ந்திருந்தது. இதென்ன தவளையா என்று கேட்டான். படத்தில் இருக்கிறது என்றான் ஒருவன். கூரை காற்றில் பறக்காமலிருக்க என்றான் அடுத்தவன். கண்ணேறு படாமலிருக்க என்றான் இன்னொருவன்.

மந்திரி அடக்கமாக, "அது நேற்று நான் சாப்பிடும்போது தெறித்த புளிக்குழம்பு மகாராஜா" என்றார்.

ராசா விழுந்து விழுந்து சிரித்தான். இருளப்பன் மண்டபத்தில் மட்டும் உருண்டை இல்லை. ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, "மோந்து பார்த்தேன். பெருங்காயம் மணத்தது" என்றான்.

ஆசான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். அதற்குள் மந்திரி பள்ளிப் பெட்டியிலிருந்த மூலப்படத்தை எடுத்துவரச் செய்து அவர் கையிலேயே கொடுத்தார். கோடெல்லாம் கறுப்பு. மதகுக்குப் பக்கத்திலிருந்த அந்த வட்டம் மட்டும் சிவப்பு. இத்தனை வருடமும் நகலைக் காட்டியே காலத்தை ஓட்டியவர், இப்போதுதான் அதை உற்றுப் பார்த்தார்.

"இது என்ன ஆசானே?" என்றார் மந்திரி.

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தும்விட்டது. நிமிர்ந்து பார்த்தார். நாற்பது பேரும் எழுத்தாணியைத் தூக்கிப் பிடித்து, அவர் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ளக் காத்திருந்தார்கள். அவருக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"என் வெற்றிலை எச்சில். இருளப்பன் மேல் குற்றமில்லை" என்றார்.

நாற்பது எழுத்தாணியும் அதையும் அப்படியே எழுதிக்கொண்டன.

ராசா இந்தத் தடவை சிரிக்கவில்லை. பதினோரு ஏரியின் ஓட்டையையும் மழைக்கு முன் அடைக்க இருளப்பனைத் தலைமைக் கொத்தனாக்கி, அவனுக்கு ஒரு வீடும் கொடுத்தான். சுண்ணாம்பு குழைத்துக் கொடுக்க வேண்டியவர் ஆசான். அது முடிந்ததும் பள்ளிக்குத் திரும்பி, தினமும் பாடத்தில் ஒரு பொய் சொல்ல வேண்டும். மாணவர்களில் ஒருவன் அதைக் கண்டுபிடித்துக் கேட்கும் வரை அவருக்குச் சோறு கிடையாது.

மழைக்கு முன் அத்தனை ஓட்டையும் அடைபட்டது. பள்ளி திறந்த முதல் நாள் ஆசான், ஏரிக்கரைக்கு அடி குறுகலாகவும் உச்சி அகலமாகவும் இருக்க வேண்டும் என்றார். எழுதிக்கொண்டார்கள். அன்று பட்டினி. மறுநாளும் அதையே சொன்னார். மனப்பாடமாக ஒப்பித்தே காட்டினார்கள். அன்றும் பட்டினி.

மூன்றாம் நாள் கடைசி வரிசையில் ஒருவன் எழுத்தாணியைக் கீழே வைத்தான். பயந்து பயந்து, "அது எப்படிங்க ஐயா நிற்கும்?" என்றான்.

ஆசான் முன்னால் இலை விழுந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். இப்படிக் கேட்டதற்குத்தானே அன்றைக்கு ஒருவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினோம் என்று நினைத்தார். இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்தார்.