வெற்று உரல் விருந்து

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். சொன்னால் நாலு பேர், "அது எங்கள் ராஜாவாச்சே" என்று சண்டைக்கு வருவார்கள். நல்ல மனிதர்தான். குடிகள் சாப்பிடாமல் தான் சாப்பிடுவதில்லை என்று வைராக்கியம் வைத்திருந்தார். அவர்கள் சாப்பிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீடு வீடாகப் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்க முடியுமா? அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த ஊரில் பெண்கள் அன்றாடத்துக்கு வேண்டிய நெல்லை அந்தி நேரத்தில்தான் உரலில் போட்டுக் குத்துவார்கள். ராஜா மேல்மாடத்தில் போய் நின்று காதைத் தீட்டிக்கொள்வார். தெருத்தெருவாக உலக்கைச் சத்தம் கேட்டால், "என் மக்கள் வீட்டில் இன்று சோறு உண்டு" என்று சொல்லிவிட்டு இலையில் உட்காருவார்.

இதை ஊரே மெச்சியது. புலவர்கள் பாடினார்கள். பாடாமல் இருப்பார்களா, சாப்பாடு அரண்மனையில் ஆயிற்றே!

அப்புறம் மழை பொய்த்தது. ஒரு வருஷம் தாங்கினார்கள். மறுவருஷமும் வானம் கண் திறக்கவில்லை. உலக்கைச் சத்தம் தேய்ந்துகொண்டே வந்து, ஓர் அந்தியில் எங்கோ ஒரு மூலையில்தான் கேட்டது. ராஜா அன்று இலையைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

களஞ்சியத் தலைவர் அனந்தசேகரருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. குடிகளுக்காக அல்ல, தமக்காக. களஞ்சியத்தில் நெல் நிறையக் கிடந்தது. அதை அயல்தேசத்து வணிகர்களுக்கு அனுப்புவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். நெல்லைக் கப்பல் ஏற்றும் வளமான நாடு என்று நாலு தேசத்தில் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. பஞ்சம் என்ற பேச்சு ராஜா காதில் விழுந்தால் களஞ்சியத்தைக் குடிகளுக்குத் திறந்துவிடச் சொல்வார். அப்புறம் கப்பல் ஏது, பேர் ஏது?

மறுநாளே அவர் ஆட்கள், ராஜா காதுக்கு எட்டாமல், தெருத்தெருவாகத் தண்டோரா போட்டார்கள். அந்தியில் ஒவ்வொரு வீட்டிலும் உலக்கைச் சத்தம் கேட்க வேண்டும். உரலில் நெல் இருக்கிறதா என்பது கேள்வி இல்லை. சத்தம் கேட்காத வீட்டுக்குச் சாட்டையோடு காவலர் வருவார்.

அடேயப்பா! அன்றைய அந்தியில் ஊரே அதிர்ந்தது. நல்ல விளைச்சல் காலத்தில்கூட அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாடு வளர்ந்துவிட்டது, அனந்தசேகரரே" என்று சொல்லிவிட்டு மறுசோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தச் சபையில் விகடன் ஒருவன் இருந்தான். மூக்காண்டி என்று பேர். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் பிழைப்பு. ராஜாவுக்கு அவனைப் பிடிக்கும், அதனாலேயே சபையில் மற்றவர்களுக்குப் பிடிக்காது. அவனுடைய அக்கா வீராயி கோட்டைக்கு வெளியே கீழத்தெருவில் இருந்தாள். புருஷன் இல்லை, ஒரே ஒரு பெண் குழந்தை. அக்கா வீட்டில் நெல் இல்லை என்று மூக்காண்டிக்குத் தெரியும். தன் பங்குச் சோற்றை இலையில் கட்டிக்கொண்டு அடுத்த நாள் அந்தியில் போய்ப் பார்த்தான்.

வீராயி வாசலில் நின்று உலக்கை போட்டுக்கொண்டிருந்தாள். உரலை எட்டிப் பார்த்தான். உள்ளே ஒன்றுமில்லை.

"என்னக்கா இது, வெறும் உரலைப் போட்டு இடிக்கிறே?"

"உனக்குத் தெரியாதாக்கும்? நாங்க இடிச்சாத்தான் ராசாவுக்குச் சோறு எறங்குதாம்" என்றாள் வீராயி. அவளுக்கு மூச்சு இரைத்தது. "நிறுத்தச் சொல்லாதடா. தெருமுனையில நிக்கிறான் பாரு, வந்துருவான்."

உள்ளே சாக்கின்மேல் குழந்தை செவந்தி படுத்திருந்தாள். "மாமா, அம்மா குத்திக்கிட்டே இருக்கா, சோறு மட்டும் வரவே மாட்டேங்குது" என்றாள். மூக்காண்டி அவளை மடியில் போட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்து ஊட்டினான். இரண்டு வாய் வாங்கினாள், மூன்றாவது வாய் உள்ளே போகவில்லை. அதற்குள் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வாசலில் வந்து நின்றுவிட்டன. ஒன்றும் கேட்கவில்லை, நின்றன, அவ்வளவுதான். வீராயி மிச்சச் சோற்றை அவர்களுக்கு உருட்டிக் கொடுத்தாள்.

ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஒரு தெருவை என்ன செய்வது? களஞ்சியம் திறந்தால்தான் இந்தக் குழந்தை பிழைக்கும், இந்தத் தெருவும் பிழைக்கும் என்று மூக்காண்டிக்குப் புரிந்துவிட்டது.

காலையில் சபை கூடியதும் அவன் குட்டிக்கரணம் போடவில்லை, வேஷம் கட்டவில்லை. நேராக நின்று சொன்னான். "அரசே, தாங்கள் கேட்கும் சத்தம் வெற்று உரலின் சத்தம். குடிகள் பட்டினி கிடக்கிறார்கள்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் வாயிலிருந்து எது வந்தாலும் சிரித்துப் பழகியவர்கள், பாவம். அவன் இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் சிரிப்பு அடங்கியது.

அனந்தசேகரர் எழுந்தார். "அரசே, தங்கள் திருச்செவியே பொய் சொல்கிறது என்கிறான் இவன். தங்கள் தந்தையார் காலத்தில் இப்படிப் பேசியவனுக்கு நாக்கு இருந்திருக்காது."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. ஆசையாகக் கண்டுபிடித்த வழியாயிற்றே. "மூக்காண்டி, விளையாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. உலக்கைச் சத்தம் கேட்கும் இடத்தில் உணவு இருக்கிறது. இது நம் தீர்ப்பு."

"இனி அந்தத் தீர்ப்பை மறுத்துப் பேசுபவர் எவரானாலும் நாடு கடத்த வேண்டும், அரசே" என்றார் அனந்தசேகரர், மூக்காண்டியைப் பார்த்துக்கொண்டே.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மூக்காண்டி தரையில் விழுந்து கும்பிட்டான். "அடியேன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டேன். பேசிய குற்றத்துக்குப் பிராயச்சித்தமாக இன்று அந்தி விருந்தை நானே பரிமாற அனுமதி வேண்டும்." ராஜாவுக்கு மனம் இளகிவிட்டது, சரி என்றார். மூக்காண்டி அன்று பகல் முழுக்கச் சமையற்கட்டை விட்டு நகரவில்லை. அடுப்பை ஒருவரும் பற்றவைத்துவிடக் கூடாதே!

அந்தியில் ராஜா மேல்மாடத்தில் சத்தம் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். சபையோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தலைவாழை இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. மூக்காண்டி முற்றத்தின் நடுவே ஓர் உரலைக் கொண்டுவந்து வைத்து உலக்கையை எடுத்தான். இடிக்க ஆரம்பித்தான்.

கொஞ்ச நேரம் எல்லாரும் இலையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பரிமாறவில்லையா?" என்றார் ராஜா.

"பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறேன், அரசே. தயங்காமல் சாப்பிட வேண்டும்." இன்னும் ஓங்கிப் போட்டான். "களஞ்சியத் தலைவரே, சோறு போதுமா? இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

அனந்தசேகரருக்கு முகம் வெளுத்துவிட்டது. இலையில் சோறு இல்லை என்று சொன்னால் தீர்ப்பை மறுத்ததாக ஆகும். நாடு கடத்தச் சொன்னதும் அவரே. "போ... போதும்" என்றார். மூக்காண்டி விடுவானா? "கூச்சப்படாதீர்கள்" என்று அவர் பக்கம் திரும்பி இன்னும் வேகமாக இடித்தான். வேறு வழியில்லாமல் அவர் வெறும் இலையிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்துப் புலவர்களும் அள்ளினார்கள். ஒருவர் ரசம் பிரமாதம் என்றுகூடச் சொன்னார்.

ராஜாவுக்குப் பசி தாங்கவில்லை. "நிறுத்து! இலையில் ஒன்றுமே இல்லையடா!" என்று கத்தினார்.

மூக்காண்டி உலக்கையைச் சாய்த்துவிட்டுக் கைகட்டி நின்றான். "அரசே, தீர்ப்பை மறுத்தவர்களை நாடு கடத்த வேண்டும். தங்களை எந்த நாட்டுக்கு அனுப்புவது?"

ராஜா அவனைப் பார்த்தார். ரசத்தைப் புகழ்ந்த புலவரைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! சிரித்துக்கொண்டே எழுந்து வந்து உரலுக்குள் எட்டிப் பார்த்தார். அங்கேயே அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"எல்லா வீட்டிலும் இப்படியா?" என்று கேட்டார்.

"ஆம், அரசே."

ராஜா தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். களஞ்சியத்தை அந்த நேரமே திறக்கச் சொன்னார். முதல் மூட்டையை அனந்தசேகரரே முதுகில் சுமக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

ராஜா சிரித்தார், விகடனுக்குப் பரிசு கிடைத்தது. கதையை இங்கேயே முடித்துவிட்டால் எல்லாரும் நிம்மதியாக எழுந்து போகலாம். எனக்கும் ஆசைதான். ஆனால் மூக்காண்டி அங்கே நிற்கவில்லையே. ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கீழத்தெருவுக்கு ஓடினான்.

அக்கா வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவனைக் கண்டதும் வழிவிட்டார்கள். செவந்தி அதே சாக்கின்மேல் கிடந்தாள். உச்சிப்பொழுதிலேயே போய்விட்டாளாம். வீராயி பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை ஓய்ந்துபோயிருந்தது.

மூக்காண்டி மூட்டையை இறக்கினான். குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தான். உச்சிப்பொழுதில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்தான். அடுப்புக்குக் காவல் இருந்திருக்கிறான். ஒரு கலயம் பழங்கஞ்சியை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கலாம். வந்திருந்தால் விருந்து கெட்டிருக்கும், களஞ்சியம் திறந்திருக்காது. இரண்டில் எதை நினைத்தாலும் நெஞ்சு ஆறவில்லை. வாய்விட்டு அழுதான்.

வீராயி அவன் கழுத்து மாலையைப் பார்த்தாள். "ராசா குடுத்தாரா?"

"ஆமாக்கா."

"சிரிச்சாராடா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

வாசலில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றன. வீராயி முந்தானையை எடுத்துச் செவந்தியின் முகத்தை மூடினாள். கையை ஊன்றி எழுந்தாள்.

"மூட்டையப் பிரிடா. அதுங்க நின்னுக்கிட்டு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு உலக்கையை எடுத்தாள்.